ஒப்புக்குக் கூப்பிட்ட வெயில்

மண்டபத்துக் கடற்கரையில் கருவாட்டுக் களம் வைத்திருந்த முத்துராக்கு, தம்பியைக் கூட்டிவர ஹெல்சின்கிக்குக் கிளம்பிய அன்று, வழியில் கண்ணில் பட்ட எல்லாரையும் கூடவே வரச்சொல்லிக் கூப்பிட்டாள். நம்மாட்களுக்கு இது தெரிந்த சங்கதிதானே? பெட்டியோடு தெருவில் இறங்குகிறவர், "போயிட்டு வந்துர்றேன், நீங்களும் வாங்களேன்" என்று நாலு பேரிடம் சொல்லாமல் போனால் நன்றாகவா இருக்கும்? டீக்கடைக்காரரைக் கூப்பிட்டாள், ஐஸ் உடைக்கிறவனைக் கூப்பிட்டாள், வலை பின்னிக்கொண்டிருந்த கிழவர்களைக் கூப்பிட்டாள், அவர்களும் "அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்று முறையாகப் பதில் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். கடைசியாகத் தன் களத்தைத் தாண்டும்போது கூப்பிட ஆள் மிச்சமில்லாமல், வாய்ப் பழக்கத்தில், பாயில் நெத்திலிமேல் மல்லாந்து கிடந்த வெயிலைப் பார்த்து, "நீயும்தான் வாயேன்" என்றாள். ஒப்புக்குக் கூப்பிட்டதுதான் அது. வெயிலுக்கு இந்த நெளிவு சுளிவெல்லாம் எங்கே தெரியும்? கூப்பிட்டார்களே என்று எழுந்து அவள் பின்னாலேயே வந்துவிட்டது.

அவள் போன காரியம் விளையாட்டுக் காரியமில்லை. பூமிநாதன் அவள் வளர்த்த பிள்ளை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபிறகு, கருவாடு காயவைத்த காசில் படிக்கவைத்து, கம்ப்யூட்டர் வேலையில் உட்காரவைத்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் குளிர் தேசத்துக்கு அனுப்பியவளும் அவள்தான். போன புதிதில் தினமும் போன் போட்டான். கடல் உறைந்து கல்லாகிவிட்டதைக் காட்டினான், அதன்மேல் ஆள் நடக்கிறதைக் காட்டினான். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஆயிற்று. பிறகு இவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் "ம்" என்று ஒரே பதில். ஒருநாள் விடாமல் நச்சரித்ததில், "இங்க என்னைய யாருக்கும் வேணாம்க்கா" என்றான். அவ்வளவுதான். ராக்கு களத்துக்கு நடுவில் நின்று, கூட்டாளி செய்யதம்மாளும் மற்றப் பெண்களும் கேட்க, "எந்தம்பியக் கையோட கூட்டிட்டு வராம இந்த மண்ணை மிதிச்சா என் பேரு ராக்கு இல்ல" என்று சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான். மீன் ஏலத்தில்கூட இரண்டாம் விலை சொல்லாதவள்.

விடிந்தும் விடியாத இருட்டில் விமானம் இறங்கியது. பாஸ்போர்ட் பார்க்கிற அதிகாரி அவளை ஏறிட்டுப் பார்த்து, கண் கூசி, மேசை இழுப்பறையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முத்திரை குத்தினார். "கூட வந்திருப்பது யார்" என்று கேட்கவில்லை. வெளியே பூமிநாதன் நின்றான். எலும்பும் தோலுமாக, முகம் முழுக்கத் தாடியாக, தடித்த கோட்டுக்குள் தொலைந்துபோனவனாக நின்றான்.

"சாப்பிட்டியாக்கா?" என்றான். பிறகு அவளைச் சுற்றித் தரையில் விழுந்துகிடந்ததைப் பார்த்து, "இது என்னது, வெயிலா?" என்றான்.

"வர்ற வழியில ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டேன்டா. வந்துருச்சு."

"ம்" என்றான் பூமிநாதன். பெட்டியை வாங்கிக்கொண்டு, வெயிலுக்கு ஓரடி தள்ளி, ஓரமாகவே நடந்தான்.

அந்த ஊர் ராக்குவுக்கு முதல் பார்வையில் எப்படிப் பட்டது என்று கேட்டால், யாரோ படுத்திருக்கிற வீட்டுக்குள் எல்லாரும் நுனிக்காலில் நடக்கிற மாதிரிப் பட்டது என்பாள். அத்தனை பெரிய தலைநகரம், பச்சை டிராம் வண்டிகள் தெருவுக்குத் தெரு வளைந்து வருகின்றன, படிக்கட்டுமேல் படிக்கட்டாக ஏறிப்போய் ஒரு வெள்ளைக் கோயில் மேகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிறது, துறைமுகத்தில் மாடிவீடு மாதிரிக் கப்பல்கள் கட்டிக்கிடக்கின்றன, ஆனால் ஒரு ஹாரன் சத்தம் உண்டா, ஒரு அதட்டல் உண்டா, "ஏய் இங்க வா" என்று ஒரு கூப்பாடு உண்டா, எல்லாம் ஈயம் பூசின வானத்துக்குக் கீழே வாயை மூடிக்கொண்டு நடந்தன. டிராம் நிறுத்தத்தில் ஆட்கள் நிற்பதைப் பார்த்து அவள் அசந்துபோனாள். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு வள்ளத்தை நிறுத்தலாம், அத்தனை இடைவெளி. "சண்டையாடா இவங்களுக்குள்ள?" என்று கேட்டாள். "இல்லக்கா, மரியாதை" என்றான் தம்பி.

அவள் போய் அந்த நிறுத்தத்தில் நின்றதும் வெயிலும் நின்றது. களத்து வெயில் களத்தளவுதான் இருக்கும், இரண்டு பாய் விரிக்கிற இடம். முதலில் ஒரு அம்மா அரையடி நகர்ந்து ஒரு தோளை உள்ளே வைத்தாள். பிறகு பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்ட ஒருத்தி. பிறகு தொப்பி வைத்த ஒரு பெரியவர், காலநிலையைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், பக்கவாட்டில் நண்டு நடையாக நடந்து வந்து சேர்ந்தார். டிராம் வருவதற்குள் அந்த நிறுத்தத்து ஜனம் முழுக்க இரண்டு பாய் இடத்துக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது, கண்ணை மூடி, முகத்தைத் தூக்கி, ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. பூமிநாதன் மட்டும் வெளியே நிழலில் நின்றான்.

அவன் குடியிருந்தது ஆறு மாடிப் பழைய கட்டடம், நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் கம்பளம் தட்டுவதற்கு ஒரு கம்பிச்சட்டம். ராக்கு மாடியேறியதும் வெயில், செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே காத்திருக்கிற விருந்தாளி மாதிரி, முற்றத்திலேயே தங்கிக்கொண்டது. ஊர் மாறினாலும் அது தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மண்டபத்தில் விடிகிறபோது விடிந்தது, மண்டபத்தில் சாய்கிறபோது சாய்ந்தது. அதனால் இங்கே ஆட்கள் காலைக் காப்பியைக் கையில் எடுக்கிற நேரத்துக்கு அதற்கு உச்சிவேளை, மத்தியானத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிற நேரத்துக்கு அந்தி. கட்டடத்துக்காரர்கள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது, அடுக்குமா இது என்று ஒருத்தர் கேட்கவேண்டுமே! அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நீராவிக் குளியலறை இருந்தது, அதற்கு வீட்டுக்கு வீடு முறை இருந்தது. மறுநாளே கூட்டம் போட்டு, குளியலறை முறைக்குப் பக்கத்திலேயே வெயில் முறையையும் எழுதி ஒட்டிவிட்டார்கள், காரியம் முடிந்தது. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். டேப்பைப் பிடித்து வெயிலை அளந்தார், வண்டி நிறுத்துகிற இடத்தை அது அடைத்துக்கொள்ளுமா என்று மட்டும் கேட்டார், அடைக்காது என்றதும் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிறகு பார்க்கவேண்டுமே அந்த முற்றத்தை. கைக்குழந்தைகளை வண்டியோடு கொண்டுவந்து தூங்கவிட்டார்கள், குளிரிலேயே வெளியில் தூங்கிப் பழகின பிள்ளைகள், வெயில் பட்டதும் கன்னம் சிவந்து குறட்டையே விட்டன. மெத்தையைக் கொண்டுவந்தார்கள், வருஷக்கணக்காக ஈரம் போகாத கம்பளிச் சட்டைகளைக் கொண்டுவந்தார்கள், வாடின பூந்தொட்டிகளைக் கொண்டுவந்தார்கள். ஓர்வோ என்று ஒரு கிழவர், மனைவி போனபிறகு யாரிடமும் அதிகம் பேசாதவர், மடக்கு நாற்காலியைப் போட்டுச் சட்டையைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி உட்கார்ந்திருந்தார். முறை எழுதி ஒட்டினார்களே தவிர, முறை முடிந்து எழுந்து போனவர் யாருமில்லை. ஒருத்தரை ஒருத்தர் இடித்து உட்கார்ந்தார்கள். இடித்ததற்கு மன்னிப்புக் கேட்டார்கள். மன்னிப்புக் கேட்டபிறகு பேசாமல் இருக்க முடியாதே, அதனால் பேசினார்கள்.

ராக்கு சும்மா இருப்பாளா? துறைமுகச் சந்தைக்குப் போய், நெத்திலிக்குப் பெரியப்பன் மகன் மாதிரி இருந்த ஒரு மீனைக் கூடையோடு வாங்கிவந்து, உப்புப் போட்டு, கம்பளம் தட்டுகிற சட்டத்தில் காயவைத்தாள். நாற்றம் ஆறாவது மாடிவரை ஏறியது. கட்டடச் சங்கத்துத் தலைவி ஹில்க்கா, டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷி, இறங்கி வந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள். "இன்னும் உப்புப் போடலாம்" என்று சைகையில் சொல்லிவிட்டுப் போனாள். ராக்குவுக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

வந்த காரியமோ பொசுக்கென்று முடிந்திருந்தது. "கிளம்புடா, ஊருக்குப் போவோம்" என்று அவள் சொன்னதும் பூமிநாதன் "சரிக்கா" என்றுவிட்டான். மல்லுக்கட்டுவான், சாக்குச் சொல்லுவான் என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தவளுக்கு, அந்தச் "சரிக்கா" சரியாகப் படவில்லை. அதில் உயிரே இல்லை. டிக்கெட் இரண்டும் போட்டாயிற்று. ஊரிலிருந்து செய்யதம்மாள் வேறு போனில் சத்தம் போட்டாள்: "அடியே, நம்ம களத்து வெயில நீயா கூட்டிட்டுப் போனே? பக்கத்துக் களமெல்லாம் சுள்ளுனு அடிக்குது, நம்ம களம் மட்டும் கெணத்துக்குள்ள கெடக்கற மாதிரி கெடக்குடி! அடுத்தவுக எடத்துல எம்புட்டு நாளைக்கு நான் பாயி விரிக்கிறது? சீக்கிரம் வா!" எல்லாம் கூடி வந்துவிட்டது, கிளம்பவேண்டியதுதான் பாக்கி. ஆனால் தம்பி திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தான். கீழே அத்தனை வெயில் கொட்டிக் கிடக்க, ஒரு தடவை இறங்கி வரவில்லை. வெயில் இல்லாமல்தான் பிள்ளை வாடிப்போனான் என்று நினைத்திருந்தவளுக்கு, இது வெயிலால் தீர்கிற வாட்டம் இல்லை என்று புரிந்துபோயிற்று.

முற்றத்தில் ஹில்க்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள். ஹில்க்கா தன் கைப்பேசியை நடுவில் வைத்தாள். அது அவள் பாஷையைத் தமிழாகவும் இவள் தமிழை அவள் பாஷையாகவும் திருப்பிச் சொல்கிற கைப்பேசி, பேச்சு மட்டும் மேடைப் பேச்சு.

"தங்கள் சகோதரர் எங்களை விரும்பவில்லை" என்றது கைப்பேசி. "அவர் குடிவந்த முதல் வாரமே குளம்பி அருந்த அழைத்தேன். இப்போதுதான் அருந்தினேன் என்றார்."

"அப்புறம்?" என்றாள் ராக்கு.

"அப்புறம் என்ன? மூன்றாம் மாடியினர் விருந்துக்கு அழைத்தார்கள். வயிறு நிறைந்திருக்கிறது என்றார். ஓர்வோ மீன்பிடிக்க அழைத்தார். தங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார். எல்லாரையும் மறுத்துவிட்டார்."

ராக்கு அழுகையை நிறுத்தினாள். "மறுபடி கூப்பிட்டீங்களா?"

ஹில்க்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேண்டாம் என்று ஒரு மனிதர் வாயால் சொன்னபிறகு மறுபடியும் போய்க் கேட்பதா, அவர் வார்த்தையை நம்பாததுபோல் ஆகாதா, அதைவிட அவமரியாதை உண்டா என்று கைப்பேசி கொஞ்சம் சூடாகவே சொன்னது.

ராக்கு தலையில் கைவைத்துக்கொண்டாள். அவள் கண்முன்னால் பழைய பூமிநாதன் வந்து நின்றான், அரைக்கால் சட்டை போட்டவன். பக்கத்து வீட்டில் "வாடா, சாப்பிடு" என்றதும் முதல் சொல்லுக்கே இலைமுன்னால் உட்கார்ந்துவிட்டான், இவள்தான் தொடையில் நறுக்கென்று கிள்ளி எழுப்பினாள். அலைஞ்சான் மாதிரி உட்காராதே, முதல் தடவை கூப்பிட்டா இப்பத்தான் ஆச்சுன்னு சொல்லு, ரெண்டாந் தடவை வயிறு கும்முனு இருக்குன்னு சொல்லு, மூணாந் தடவையும் கூப்பிட்டாத்தான் மெய்யாக் கூப்பிடறாங்கன்னு அர்த்தம், அப்ப உக்காரு என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை அதைக் கடல் தாண்டியும் காப்பாற்றியிருக்கிறான்.

அதை அவள் ஹில்க்காவுக்குச் சொன்னாள், மூன்று விரலை நீட்டிச் சொன்னாள், கைப்பேசி சொன்னது தப்பாக இருக்குமோ என்று ஹில்க்கா மறுபடி சொல்லச்சொல்ல, மறுபடியும் சொன்னாள். செய்தி முற்றம் முழுக்கப் பரவியது. வானத்திலிருந்து களத்து வெயில் வந்து இறங்கியதை ஒரு காலைப்பொழுதில் ஏற்றுக்கொண்ட ஜனங்களுக்கு, ஒரே மனிதரை ஒரே விஷயத்துக்கு மூன்று தடவை கேட்கலாம் என்பது விழுங்க முடியாததாக இருந்தது. கூடிக்கூடிப் பேசினார்கள். நடக்கிற காரியமா இது என்றார்கள். இரண்டாவது தடவை கேட்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று ஓர்வோ கேட்டார். கடைசியில், தலைவி என்ற முறையில் நானே போகிறேன் என்று ஹில்க்கா எழுந்தாள். தலையை வாரிக்கொண்டாள். கட்டடமே அவள் பின்னால் மாடிப்படியில் வரிசையாக ஏறி, நாலாவது மாடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கதவைத் தட்டினாள். பூமிநாதன் திறந்தான். காப்பி குடிக்க வருகிறாயா என்று கேட்டாள்.

"நன்றி, இப்பத்தான் குடிச்சேன்" என்று அவர்கள் பாஷையிலேயே பவ்யமாகச் சொன்னான்.

இத்தனை நாளும் இந்த இடத்தில்தான் எல்லாரும் திரும்பிப் போயிருந்தார்கள். ஹில்க்கா திரும்பவில்லை. பனியிலும் புயலிலும் டிராம் ஓட்டின மனுஷிக்கு நெற்றியில் வியர்த்துவிட்டது. "காப்பிக்கு வா" என்றாள்.

பூமிநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "இல்ல... உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றான்.

படிக்கட்டில் யாரோ, "இன்னும் ஒன்று" என்று முணுமுணுத்தார்கள். ஹில்க்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "வா" என்றாள், கிட்டத்தட்டக் கத்தினாள், "காப்பிக்கு வா!"

பூமிநாதன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டே அப்படியே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். ராக்கு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு வருசமா ரெண்டாவது தடவைக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்க்கா" என்றான். "எல்லாரும் ஒப்புக்குக் கேட்டுட்டுப் போறாங்கன்னு நெனச்சேன்."

அன்றைக்கு முற்றத்தில் காப்பி குடித்தார்கள். பூமிநாதன் வெயிலுக்கு நட்டநடுவில் உட்கார்ந்தான். ஏலக்காய் போட்ட ரொட்டியைத் தின்றான், இன்னொன்று எடு என்றார்கள், வேண்டாம் என்றான், எடு என்றார்கள், வேண்டாம் என்றான், எடு என்றார்கள், எடுத்தான். ஒவ்வொரு தடவையும் கட்டடமே கைதட்டியது. அவன் சிரித்தபோது தாடிக்குள்ளிருந்து பழைய முகம் எட்டிப்பார்த்தது. பிறகு ஒவ்வொரு நாளும் அவன் மற்றவர்களுக்கு முன்னாலேயே முற்றத்து வெயிலுக்கு இறங்கினான். ஓர்வோவுடன் தூண்டில் எடுத்துக்கொண்டு போனான். அக்காவின் கருவாட்டைப் பற்றி யாரோ கேட்டதற்கு அரைமணி நேரம் பேசினான். ராக்கு பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கைப்பையில் இரண்டு டிக்கெட் இருந்தன.

கிளம்புகிற நாள் வந்தது. வெயிலை வழியனுப்பக் கட்டடமே இறங்கி வந்தது. மெத்தையைத் தட்டி மடித்தார்கள், பூந்தொட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஓர்வோ நிதானமாகச் சட்டையைப் போட்டுப் பொத்தான் மாட்டினார். ஹில்க்கா ராக்குவைக் கட்டிக்கொண்டாள். ராக்கு மிக ஜாக்கிரதையாக இருந்தாள். கடற்காக்கை குறுக்கே பறந்தது, வாயைத் திறக்கவில்லை. பனி தூற ஆரம்பித்தது, அதையும் கூப்பிடவில்லை. டாக்ஸிக் கதவருகில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி நின்றான். அது அவளுடைய பெட்டி. அவனுடைய பெட்டி கீழே வரவில்லை என்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"நீயும் வாயேன்டா" என்றாள்.

பூமிநாதன் பெட்டியை வண்டிக்குள் வைத்தான். "இல்லக்கா" என்றான். "சாயங்காலம் மூணாவது மாடில சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. வர்றேன்னு சொல்லிட்டேன்." பிறகு, "முதல் தடவையே சொல்லிட்டேன்" என்றான்.

இரண்டாவது தடவை கேட்பது ராக்குவின் நாக்கு நுனிவரை வந்தது. மூன்றாவதும் அதன் பின்னாலேயே நின்றது. மூன்றாவது தடவை கேட்டால் வந்துவிடுவான், அவள் வளர்ப்பு அப்படி. களத்தில் எல்லார் முன்னாலும் சொன்ன சொல் ஞாபகத்துக்கு வந்தது. அவள் வாயை மூடி, அதையெல்லாம் சேர்த்து விழுங்கினாள். "சரிடா, நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். வெயிலும் ஏறிக்கொண்டது. முற்றம் இருண்டது, ஒவ்வொரு ஜன்னலாக விளக்குப் போட்டார்கள்.

மண்டபத்தில் வெயில் களத்துக்குள் நுழைந்து, எங்குமே போகாதது மாதிரி பாய்மேல் படுத்துக்கொண்டது. பெண்கள் ஓடிவந்தார்கள். ராக்குவின் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்கடி தம்பி?" என்றாள் செய்யதம்மாள்.

"கூப்பிட்டேன். வரலைன்னுட்டான்."

"எத்தன தடவ கூப்பிட்டே?"

"ஒரே தடவை."

செய்யதம்மாள் திட்ட வாயெடுத்தாள். ராக்குவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். மற்றப் பெண்களைக் கண்ணாலேயே விலகிப் போகச்சொல்லிவிட்டு, ப்ளாஸ்கைத் திறந்தாள்.

"டீ குடிக்கிறியாடி?"

"கொடு" என்று ராக்கு கையை நீட்டினாள்.